இன்றைய கரை

கோடு நகர்ந்திருந்தது.

ஜெபா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். திருநின்றவூரில் ஏறியதிலிருந்து அம்பத்தூர் வரை நின்றபடியே வந்த மின்சார ரயில், அப்புறம் எட்டுப் பேரை அடைத்த ஷேர் ஆட்டோ. இரண்டும் சேர்ந்து ஒருத்தியின் கண்ணை என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரும்பு டேப்பின் முனையை நான்காம் தூணில் வைத்து இழுத்தாள்.

இரண்டடி இருக்க வேண்டும். பதினொன்றரை அடி இருந்தது.

மறுபடி அளந்தாள். பதினொன்றே முக்கால்.

அந்தக் கூடம் ஒரு காலத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழில் நொடித்துப் பூட்டிய பல ஷெட்டுகளில் ஒன்று. நூற்றிருபது அடி நீளம். கிழக்கிலிருந்து மேற்காக ஒரே வரிசையில் பத்துத் தூண்கள், ஒவ்வொன்றிலும் பழைய மஞ்சள் பெயின்ட்டில் எண். முதல் தூணுக்குப் பக்கத்தில், கிழக்குச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு மோட்டார் ஷட்டர். உள்ளே வர அது ஒன்றுதான் வழி. பத்தாம் தூணுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு உண்டு. இரும்புச் சாமான் திருட்டுக்குப் பயந்து ஷெட்டின் சொந்தக்காரர் என்றோ வெல்டிங் வைத்து மூடிவிட்டார். சன்னல் கிடையாது. தகரக் கூரையில் அங்கங்கே பதித்த கண்ணாடித் தகடுகள்தான் வெளிச்சத்துக்கு.

இப்போது அது கண்காட்சிக் கூடம். ‘கரையும் சரக்கும்’ என்று பெயர். பக்கச் சுவர்களில் கடல் வாணிகத்தின் மிச்சங்கள்: துணிப் பொதி, அவுரி நீலக் கட்டிகள், கப்பல் ஆடாமலிருக்க அடியில் போட்டு வந்த கற்கள், ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகின் பலகைகள். ஆனால் பார்க்க வருகிறவர்கள் வாய்பிளந்து நிற்பது சுவரைப் பார்த்து அல்ல; தரையைப் பார்த்து. ஓவியர் கிருபாகரன் ஆறு வருஷம் பழைய நில அளவைப் படங்களோடு மல்லுக்கட்டி, வடசென்னைக் கடற்கரையை அப்படியே தரையில் இறக்கியிருந்தார். ஷட்டர் பக்கம் கடல். வெறும் சிமென்ட் தரை. அதற்குள்ளே ஒரு செம்மண் கோடு. துறைமுகம் கட்டுவதற்கு முன் கரை அங்கே இருந்தது. துறைமுகம் வந்தது, தெற்கே மணல் மேடு போட்டது, வடக்கே கடல் ஊரைத் தின்றது. தின்றது போக மிஞ்சிய இடத்தில், நான்காம் தூணை ஒட்டி, சுண்ணாம்பில் ஒரு வெள்ளைக் கோடு. இன்றைய கரை. அதற்கு மேற்கே நிலம். நிலத்தில் பித்தளை ஆணிகள். ஒவ்வொரு ஆணித் தலையிலும் ஒரு குப்பத்தின் பெயர்.

"மத்ததெல்லாம் தேய்ஞ்சாலும் பரவாயில்லம்மா" என்று திறப்பு விழாவுக்கு முன்பே ஊருக்குக் கிளம்பும்போது கிருபாகரன் ஜெபாவிடம் சொல்லியிருந்தார். "இந்த வெள்ளைக் கோடு மட்டும் ஒரு விரல்கூட நகரக் கூடாது. அளந்து போட்டது."

தினமும் அதை அளந்து, வந்தவர்கள் கால் பட்டு அழிந்த இடத்தில் சுண்ணாம்பு பூசி, நோட்டில் எழுதுவது ஜெபாவின் வேலை. கடைசிக் கட்டத்தில் ‘மாற்றம்’ என்று போட்டிருக்கும். ஒன்பது நாளாக அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி வருகிறாள். அளக்காமலே. அளந்தால் எழுத முடியாது என்பதால்.

"இன்னாமா ஜெபா, காலங்காத்தால தரையப் பாத்துக்கினு குந்திகினு கீற? கம்மல் கழண்டுகினு பூட்சா?"

வேம்புலியம்மாள். கூடத்தைத் துடைத்துப் பெருக்குகிறவள். நாற்பதைத் தொடும் வயது, தலை நிறையக் கனகாம்பரம், ஒரு கையில் வாளி, மறு கையில் துடைப்பம். பத்து நாள் லீவு முடிந்து இன்றைக்குத்தான் வருகிறாள். வரும்போதே ஷட்டர் ஸ்விட்சைத் தட்டி இறக்கிவிட்டிருந்தாள். லாரிப் புழுதி உள்ளே வரக் கூடாது என்பது மேனேஜர் ஸ்ரீநாத்தின் உத்தரவு. திங்கட்கிழமை பார்வையாளருக்கு விடுமுறை. திறந்து வைக்கவும் அவசியமில்லை.

"ஒண்ணுமில்லக்கா. ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

"நேத்து. பொண்ண அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன். ஸ்கூல் லீவாச்சே, மாமன் ஊட்லயே கீறேன்னு ஒரே அடம்." முழங்கையில் தொங்கிய ஒயர் கூடையை ஷட்டர் ஓரக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள். "இவனுங்கள நெனச்சா சிரிப்பா வருதுமா. கடலப் பாக்க டிக்கெட்டு வாங்கிகினு அம்பத்தூருக்கு வரானுங்களாம். எங்க ஊருக்கு வந்தா நான் ஓசிலயே காட்டுவேன். போவும்போது கருவாடு வேற கட்டிக் குடுப்பேன்."

ஜெபா சிரித்தாள். சிரிக்கும்போதுதான் கணுக்காலில் அந்த ஈரம் உறைத்தது. சுடிதாரின் அடிப்பகுதி நனைந்திருந்தது. நனைந்து, காய்ந்த விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம். வெளியே மழை இல்லை. கத்திரி வெயில். ஷட்டருக்குள் காலெடுத்து வைத்ததும் முழங்கால் வரை சில்லென்று ஏதோ ஏறியது ஞாபகம் வந்தது. தகர ஷெட்டுக்குள், மே மாதத்தில், சில்லென்று.

டக்.

விளக்குகள் அணைந்தன. மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து இரண்டு வரை என்று நேற்றே குறுஞ்செய்தி வந்திருந்தது. அதுவரை ஜெபா சத்தம் என்று நினைக்காத சத்தமெல்லாம் ஒரே நொடியில் நின்றது. பக்கத்து ஷெட்டின் கம்ப்ரஸர், எதிர்ச் சாரியின் பிரஸ், எங்கோ இரும்பை அறுக்கும் கீச்சல். எஸ்டேட்டே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கூரையில் ஒரு காக்கை நடந்தது. தத், தத், தத். அதுவும் பறந்துவிட்டது.

"அய்யே, ஷட்டர இறக்கிட்டனே" என்றாள் வேம்புலி. "சரி வுடு. கையால இழுக்கற செயின் கீதுல்ல. போவும்போது இஸ்துக்கலாம்."

செயின் ஷட்டரை ஒட்டி இருக்கிறது. முதல் தூணில். கடலின் அந்தக் கோடியில்.

ஜெபாவுக்கு ஏன் அப்படி ஒரு எண்ணம் வந்தது என்று தெரியவில்லை.

வேம்புலி துடைப்பத்தோடு நிலப்பகுதிக்கு வந்தாள். வந்தவள் நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்து தேடினாள். ஆணிகளைத் துடைப்பது அவளுக்கு வேலை. அதில் ஒரே ஒரு ஆணியை மட்டும் தினமும் முந்தானையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் சொந்த ஆசை. ஓடைமேட்டுக்குப்பம். அவள் பிறந்த ஊர்.

"எங்க ஊரு எங்கமா?"

ஜெபா கைப்பையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவன்று நடந்தது அது. கடல் பகுதியில்தான் காலித் தரை இருந்தது. அதனால் நாற்காலிகளை அங்கே போட்டார்கள். முன்வரிசையில் முக்கிய விருந்தினருக்கு ஒரு பெரிய சோபா. அதன் முன்கால்கள் வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஏறி நின்றன. காலை வைத்தால் கோடு அழியும். பின்னால் தள்ளினால் இரண்டு வரிசை நாற்காலிக்கு இடமில்லை. ஸ்ரீநாத் வியர்த்து வழிந்தார். "சீஃப் கெஸ்ட் காலால கரைய மிதிச்சாருன்னு ஃபோட்டோ வரணுமா ஜெபா? ஏதாவது பண்ணு. எப்படின்னு எங்கிட்ட சொல்லாத." அவளுக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் மாதக் கடைசியில் அவர் கையெழுத்துக்குப் போக வேண்டும். இரண்டு வருஷம் அலைந்து, தென்காசியிலிருந்து வந்து, பிடித்த வேலை. யோசிக்க நேரமில்லை. ஈரத் துணியால் கோட்டைத் துடைத்தாள். இரண்டடி மேற்கே தள்ளிப் புதிதாகப் போட்டாள். கோடு தாண்டிக் கடலுக்குள் போன ஏழு ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிக் கவரில் போட்டுக்கொண்டாள். சோபா கச்சிதமாகப் பொருந்தியது.

விழா முடிந்ததும் பழையபடி போட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் மறுநாள் பேப்பரில் புதுக் கோட்டோடு படம் வந்துவிட்டது. இனி மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மாற்றவில்லை. கவர் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. ஏழு ஊர்கள்.

"ஆர்ட்டிஸ்ட் சார்தான் மாத்தச் சொன்னாருக்கா" என்றாள். நாக்கு தடுக்காமல் வந்தது. "புது அளவாம்."

வேம்புலி விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்தாள்.

"அப்ப சரி. அந்தாளு அளந்து போட்டா கரீட்டாத்தான் இருக்கும்." துடைப்பத்தைத் தரையில் ஊன்றினாள். "போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி எங்க ஊருக்குள்ள கடலு பூந்துச்சிமா. காத்து இல்ல, மழ இல்ல. சும்மா ஏறி வந்துச்சி. ரெண்டு தெரு பூட்சி. எங்க அண்ணன் ஊட்டு வாசப்படி வரிக்கும் தண்ணி. கல்லு கொட்டிகினு கீறாங்க. அந்தக் கெவர்மெண்டு ஆளு வந்து அளக்கறதுக்குள்ள உங்க சாரு அளந்துட்டாரு பாரேன்."

அந்தச் சனிக்கிழமை மாலைதான் திறப்பு விழா.

ஜெபா குனிந்து டேப்பைச் சுருட்டினாள். வேம்புலி முகத்தைப் பார்க்காதபடி திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கூரை காயத் தொடங்கியது. தகரம் விரிந்து, முறுக்கிக்கொண்டு, நெட்டி முறிக்கிற மாதிரிச் சொடுக்கியது. வேம்புலி ஏழாம் தூணுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுத்தபடி. ஜெபா ஆறாம் தூணருகே ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, ‘மாற்றம்’ என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த வாடை. முதலில் லேசாக, துவைக்காத துணி போல. பிறகு ஊறிய கயிறு. பிறகு மீன் அல்ல, மீன் இருந்த இடம். அது எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கினாள்.

கூடத்தின் கிழக்குப் பாதியில் வெளிச்சம் சரியாக இல்லை.

கூரைக் கண்ணாடியிலிருந்து விழும் வெயில் இந்தப் பக்கம் தரையில் சதுரம் சதுரமாக, அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் விழுந்த சதுரங்கள் ஆடின. நெளிந்தன. ஒன்றோடொன்று கலந்து, வலை வலையாகப் பிரிந்து, சிமென்ட் தரை மேலே ஊர்ந்தன. தொட்டித் தண்ணீரின் அடியில் வெயில் ஊரும், அப்படி.

மூன்றாம் தூணருகே விழா நாளிலிருந்து மறந்துபோய்க் கிடக்கும் ஒரு இரும்பு நாற்காலி. நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதன் கால்கள் துருவேறி உப்பியிருந்தன. முழங்கால் உயரத்துக்கு அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது.

"அக்கா, அது என்னன்னு பாருங்களேன். அந்தச் சேர்ல."

வேம்புலி கண்ணை இடுக்கினாள். "கொட்டலசு. படகு அடியில ஒட்டிக்கும், கைய வெச்சா கீறிடும்." சிரித்தாள். "இந்தச் சேர எந்தக் கடல்லேர்ந்து பொறுக்கினு வந்தாரு உங்க மேனேஜரு? அந்தாளு பண்ணாலும் பண்ணுவாரு, அதுக்கும் டிக்கெட் போடலாமில்ல."

அவள் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிப் போய்விட்டாள். ஜெபா கீழே பார்த்தாள்.

வெள்ளைக் கோடு ஐந்தாம் தூணைத் தாண்டியிருந்தது.

அது நகர்வதை அவள் பார்க்கவில்லை. நிழல் நகர்வதை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அது நேர்கோடாகவும் இல்லை இப்போது. அலை ஒதுங்கிய தடம் போல வளைந்து வளைந்து கிடந்தது. தரை உலர்ந்துதான் இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. கோட்டுக்கு அப்பாலும் அதே சிமென்ட், அதே புழுதி.

டேப்பை எடுத்தாள். இருந்த இடத்திலிருந்தே இரும்பு நாடாவைக் கோட்டுக்கு அப்பால் தள்ளினாள். ஓரடி. இரண்டடி. ஆறடி. முனை தரையில் ஊர்ந்துதான் போனது. அப்புறம் மெல்ல மேலே எழும்பியது. தானாக. இடமும் வலமும் அசைந்தது, ஓட்டத்தில் சிக்கிய புல் போல. அவள் விடுவிக்கும் பித்தானை அழுத்தினாள். நாடா சரசரவென்று திரும்பி வந்து உள்ளே ஓடியது. கடைசி முழத்திலிருந்து அவள் மணிக்கட்டில் சில துளிகள் தெறித்தன.

நக்கிப் பார்த்தாள்.

உப்பு.

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. அதே நேரம் அந்தப் பக்கத்தில், இடுப்பு மட்டத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மிதந்து போனது. கனகாம்பரம். காலையில் வேம்புலியின் தலையிலிருந்து ஷட்டரருகே உதிர்ந்திருக்க வேண்டும். காற்றில் பூ விழும். மிதந்து வராது. கொஞ்சம் முன்னால் வந்து, தயங்கி, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து.

அப்போது போன் அடித்தது.

கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாக அடித்தது. ஷட்டர் ஓரக் கொக்கியில் தொங்கிய ஒயர் கூடைக்குள் வெளிச்சம் மினுங்கியது. வேம்புலியின் போன். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாவது முறை.

"அண்ணன்தான்" என்று வேம்புலி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நடந்தாள். "மூணு தபா அடிக்கறானே. பொண்ணு வேற அங்க கீது."

"அக்கா!"

வேம்புலி கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். திரும்பினாள்.

"போவாதீங்க."

"ஏன்?"

ஏன்? ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கோட்டை நகர்த்தியது நான். உங்கள் ஊரைப் பிடுங்கிப் பையில் வைத்திருப்பது நான். இவளுக்குத் தெரிந்தால் கிருபாகரனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் மாதக் கடைசிக் கடிதம் வராது. இவ்வளவும் ஒரு நொடியில் அவள் மனசில் ஓடியது. ஒரே ஒரு நொடி.

"தரை வழுக்கும்க்கா" என்றாள்.

வேம்புலி கடகடவென்று சிரித்தாள். "தொடைக்கிறவளே நானு. எனக்கே வழுக்குமாமே!"

கோட்டைத் தாண்டினாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. நான்கு எட்டு வைத்தாள். புடவைக் கரை கணுக்காலை விட்டு மெல்ல விலகி, குடை போல விரிந்தது. "சில்லுனு கீதுமா இங்க, ஏசி போட்ட மாதிரி" என்றாள் திரும்பாமல். இன்னும் நான்கு எட்டு. நடை கனத்தது. முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். நான்காம் தூண். மூன்றாம் தூண். இடுப்புக்குக் கீழே புடவை முழுவதும் உப்பி அலைந்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து எதையோ விலக்கிக்கொண்டே போனாள். அது அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. பழக்கம். கடல்காரிக்குக் கை தானாகப் போடும்.

"அக்கா, திரும்பி வாங்க! நான் சொல்றேன், வாங்க!"

முதல் தூணருகே வேம்புலி நின்றாள். கூடையைத் தாவிப் பிடித்து, போனை எடுத்து, காதில் வைத்தாள். வைத்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் குழப்பம். கீழே பார்த்தாள். மார்பு உயரத்தில் முந்தானை படுக்கைவாக்கில் மிதந்துகொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. அந்த முகம் மாறியதை ஜெபா பார்த்தாள்.

"ஜெபா, இது இன்னா…"

அடுத்து வந்த அலை கண்ணுக்குத் தெரியவில்லை. வேம்புலியை அது தூக்கியதுதான் தெரிந்தது. அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. ஒரு சாண். இரண்டு சாண். கொண்டை அவிழ்ந்து, கூந்தல் மேல்நோக்கி, மெதுவாக, மிக மெதுவாக விரிந்தது. வாய் திறந்தது. சத்தம் இல்லை. திறந்த வாயிலிருந்து வெள்ளி மணிகள் போல ஏதோ ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக் கூரையை நோக்கி ஏறின.

ஜெபா ஓடினாள். ஒரே ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்தாள். குளிர் எலும்பைப் பிடித்தது. காலடியில் இல்லாத மணல் சரசரவென்று உருவி ஓடியது. ஏதோ அவளைக் கிழக்கே இழுத்தது.

காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. தரைக்கு மேல் அரையடி உயரத்தில் மிதந்தது. அசைந்து அசைந்து விலகிப் போனது.

வேம்புலி அவளைப் பார்த்தபடியே இருந்தாள். வெகுநேரம். அப்புறம் பார்ப்பதை நிறுத்தினாள். கண் மட்டும் திறந்திருந்தது.

பதினொன்றரை. கோடு ஆறாம் தூணில்.

ஜெபா மேற்கே ஓடி வெல்டிங் வைத்த கதவைக் குத்தினாள். கத்தினாள். உதைத்தாள். கதவு சூடாக, ஊமையாக நின்றது. மற்ற நாளாக இருந்தால் பத்தடி தள்ளி நூறு பேர் வேலை செய்வார்கள். இன்றைக்கு மின்தடை. கரண்ட் போனதுமே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவளுடைய போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அந்த ஷெட்டில் ஷட்டரருகே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

பன்னிரண்டரை. ஏழாம் தூண்.

சுண்ணாம்பு டப்பாவைக் கவிழ்த்து, குறுக்கே கையாலேயே புதுக் கோடு போட்டாள். சுவரிலிருந்து சுவர் வரை. கெட்டியாக. கையளவு அகலத்துக்கு. போட்டு முடித்து நிமிர்ந்தபோது, ஆரம்பித்த முனை வளைந்திருந்தது. வளைந்து, அலைத்தடம் போல, அவளை நோக்கி வந்தது.

கவரைக் கிழித்தாள். ஏழு ஆணிகளும் உள்ளங்கையில் விழுந்தன. இவற்றை இருந்த குழியில் திரும்பப் பதித்துவிட்டால்? குழிகள் நான்காம் தூணருகே. அங்கே வேம்புலியின் புடவை பாய்போல விரிந்து நின்றது. கடல் அவளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டுவரும். கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துப் போகும். அவள் கையிலிருந்த போன் இன்னும் மினுங்கியது. யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடைமேட்டுக்குப்பத்திலிருந்து.

ஒன்று. எட்டாம் தூண்.

ஒன்றரை. ஒன்பது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். ஸ்ரீநாத் வருவார். ஷட்டர் ஏறும். கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். ஷட்டர் ஏறும். இது வடியும். ஷட்டர் ஏறும். கோடு பெருவிரலுக்கு நான்கு விரற்கடை முன்னால் வந்து நின்றது. சுண்ணாம்பின் வெண்மை நுரை போலப் பொரிந்து, அடங்கியது.

நின்றது. நிஜமாகவே நின்றது. பத்து நிமிஷம் இமைக்காமல் பார்த்தாள். அசையவில்லை.

அழுகை வந்தது. அழுதாள். எழுந்தாள்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஷட்டர் மோட்டாரின் உறுமல், எங்கோ தூரத்தில், பஞ்சு வைத்த காதுக்குக் கேட்பது போல. கிழக்கே தரையோடு தரையாக ஒரு வெளிச்சக் கீற்று. அகன்றது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். வடியவில்லை. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அந்த வெளிச்சத்தில் கூடம் முழுவதும் துலங்கியது. நாற்காலி. செருப்பு. கனகாம்பரம். நடுவில் தலை சாய்த்து நின்றவாறு ஆடும் வேம்புலி. வெளிச்சம் அவள் கூந்தலுக்குள் புகுந்து வந்தது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து ஸ்ரீநாத் உள்ளே வந்தார். கண் போனில். கட்டைவிரல் எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. பின்னாலேயே இரண்டு பேர், சுவரோரம் ஒதுக்கியிருந்த விழாச் சோபாவை ஏற்றிப் போக வந்தவர்கள். மூன்று எட்டு. நான்கு எட்டு. அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை சட்டையை விட்டு எழும்பியது. மார்புக்கு முன்னால் மிதந்தது. முகத்துக்கு நேரே வந்து, மெல்லச் சுழன்றது. அவர் அதைக் கையால் தள்ளிவிட்டு, தலை நிமிராமலே, இன்னொரு எட்டு வைத்தார்.

இப்போது சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். வேலை போனால் போகட்டும்.

‘வராதீங்க சார்! நான்தான் கோட்டைத் தள்ளிப் போட்டேன். சோபாவுக்காக, நான்தான்!’

அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை. கோடு அங்கேயேதான் கிடந்தது; கடல்தான் அதைத் தாண்டி வந்திருந்தது.

அவள் துப்பட்டாவின் இரு முனைகளும் தோளுக்கு மேலே எழும்பி நின்றன. விரிந்த உள்ளங்கையிலிருந்து ஏழு ஆணிகளும், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். திறந்த வாயிலிருந்து வெள்ளி மணிகள் கிளம்பி, வரிசையாக, வெளிச்சத்தில் மின்னியபடி, கூரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.